விளக்கு இல்லாத காரும் ஒரு பிடிவாதக்காரரும்

என்னிடம் ஒரு பழைய போட்டோ கார்டு இருக்கிறது. தபால் கார்டு சைஸ், கறுப்பு வெள்ளை. பழைய புத்தகக் கடையில் வாங்கிய ஒரு ஆட்டோமொபைல் புத்தகத்துக்குள் இருந்தது. கூரை இல்லாத நீளமான கார் ஒன்று பக்கவாட்டில் நிற்கிறது. ஹாஸ்டலில் அதைக் காட்டாத ஆள் இல்லை. மெக்கானிக்கல் பசங்க எல்லாரும் சக்கரத்தைப் பார்த்தார்கள், மட்கார்டின் வளைவைப் பார்த்தார்கள். கடைசியில் சிவில் படிக்கிற நண்பன்தான் கேட்டான், இதுக்கு ஹெட்லைட் எங்கேடா என்று!

இல்லைதான். காரணம் கேட்டால் சிரிப்பீர்கள். 1932-ல் அந்தக் காரை வாங்கிய அர்மாண்ட் எஸ்டர்ஸ் பிரான்சில் பெரிய ரெடிமேட் துணி வியாபாரி. ராத்திரியில் கார் ஓட்டுகிற பழக்கம் தனக்கு இல்லை, அதனால் விளக்கு வேண்டாம் என்று சொல்லிவிட்டார். செய்தவர்களும் வைக்காமலே கொடுத்துவிட்டார்கள். சில வருஷங்களில் கார் கைமாறியது. புதுச் சொந்தக்காரர் மேலே இருந்த பாடியைக் கழற்றிவிட்டு வேறு பாடி கட்டிக்கொண்டார். ஆகவே அந்த அசல் உருவம் இப்போது இந்த மாதிரி போட்டோக்களில்தான் மிச்சம்.

காரின் பெயர் புகாட்டி ராயல். இதைப் பற்றி லைப்ரரியில் தேட ஆரம்பித்த நான், காரை விட்டுவிட்டு அதைச் செய்த மனுஷனிடம் மாட்டிக்கொண்டேன். அவர் கதையைத்தான் இங்கே எழுதுகிறேன்.

எட்டோரே புகாட்டி 1881 செப்டம்பர் 15-ம் தேதி இத்தாலியில் மிலான் நகரத்தில் பிறந்தார். பிரெஞ்சுக் கார் என்று உலகம் கொண்டாடும் வண்டியைச் செய்தவர் இத்தாலிக்காரர் என்பதே எனக்கு முதல் ஆச்சரியம். அப்பா கார்லோ புகாட்டி மர நாற்காலி, மேஜை, அலமாரி வடிவமைப்பதில் ஐரோப்பா முழுக்கப் பேர் வாங்கியவர். தாத்தாவும் கலைஞர். தம்பி ரெம்பிராண்ட் சின்ன வயசிலேயே மிருகங்களைச் சிலையாக வடிப்பதில் கெட்டிக்காரன். எட்டோரேயையும் ஓவியம், சிற்பம் என்று கலைப் பக்கம்தான் அனுப்பினார்கள். தம்பியின் கைவண்ணத்தைப் பார்த்துவிட்டு, நமக்கு இது சரிப்படாது என்று அவர் ஒதுங்கிக்கொண்டதாகச் சொல்வார்கள்.

16, 17 வயசில் பிரினெட்டி அண்ட் ஸ்டுக்கி என்ற மிலான் சைக்கிள் கம்பெனியில் அப்ரெண்டிஸாகச் சேர்ந்தார். நண்பர்களே, இதைக் கொஞ்சம் கவனியுங்கள். எஞ்சினியரிங் காலேஜ் வாசலை மிதிக்காதவர் அவர். தியரி எல்லாம் பிற்பாடு. முதலில் கை. அங்கே மூன்று சக்கர சைக்கிளில் எஞ்சினைப் பொருத்தி ரேஸ் ஓட்டினார். பிறகு குலினெல்லி என்ற பணக்கார சகோதரர்கள் பணம் போட, 1901-ல் சொந்தமாக ஒரு கார் செய்து மிலான் கண்காட்சியில் வைத்தார். பரிசு கிடைத்தது. அப்போது அவருக்கு வயசு 19. அந்தக் காரைப் பார்த்து அல்சாஸ் பகுதியிலிருந்த டி டீட்ரிஷ் என்ற பெரிய கம்பெனி அவரை டிசைனராக அழைத்தது. ஆனால் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட அவருக்கு வயசு போதாது. மைனர்! அப்பா கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார்.

அதற்கப்புறம் ஏழெட்டு வருஷம் கம்பெனி கம்பெனியாக மாறினார். டி டீட்ரிஷ், அப்புறம் எமீல் மாத்திஸ் என்பவரோடு கூட்டு, 1907-ல் ஜெர்மனியில் கொலோன் நகரத்து டாய்ட்ஸ் கம்பெனி. முதலாளிகளோடு அவருக்கு ஒத்துப்போகவே இல்லை. டாய்ட்ஸில் அவர்களுக்காகப் பெரிய பெரிய கார்களை வரைந்துகொண்டே, வீட்டு நிலவறையில் தனக்கென்று ஒரு குட்டிக் காரைச் செய்துகொண்டிருந்தார். நாலு சிலிண்டர், ஓவர்ஹெட் கேம்ஷாஃப்ட். கார் என்றாலே பெரிய எஞ்சின், பெரிய எடை என்றிருந்த காலத்தில் இந்த வண்டி இறகு மாதிரி இருந்தது. 1909 முடிகிற நேரத்தில் வேலையை விட்டு, பாங்கில் கடன் வாங்கி, அல்சாஸில் மோல்ஸைம் என்ற சின்ன ஊரில் மூடிக்கிடந்த ஒரு சாயப்பட்டறையை எடுத்தார். 1910-ல் அங்கிருந்து வெளியே வந்தது மொத்தம் ஐந்தே கார்.

1911-ல் லெ மான் ரேஸில் அவருடைய மெக்கானிக் எர்னஸ்ட் ஃப்ரிடெரிக், 1.3 லிட்டர் எஞ்சின் உள்ள காரோடு இரண்டாவதாக வந்தார். முதலில் வந்த ஃபியட்டின் எஞ்சின் அதைப்போல ஏழெட்டு மடங்கு பெரியது. யானைக்குப் பின்னால் எலி ஓடிவந்த மாதிரி இருந்திருக்கும். இந்த மோல்ஸைம் அப்போது ஜெர்மனியில் இருந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன். 1871 போருக்குப் பின் அல்சாஸ் ஜெர்மனி வசம். 1914-ல் முதல் உலகப் போர் வந்ததும் எட்டோரே ரேஸ் கார்களை மண்ணில் புதைத்துவிட்டுக் குடும்பத்தோடு கிளம்பிவிட்டார். பாரிஸில் விமான எஞ்சின் வரைந்தார். அதில் 16 சிலிண்டர் எஞ்சின் ஒன்றை அமெரிக்காவில் ட்யூஸன்பெர்க் கம்பெனி செய்தது. போர் முடிந்து அல்சாஸ் பிரான்சுக்குத் திரும்பியது. அவரும் திரும்பினார். ஊர் அதே ஊர், நாடுதான் வேறே!

அந்தப் போர் அவருடைய தம்பியைக் கொண்டுபோய்விட்டது. ரெம்பிராண்ட் பெல்ஜியத்தில் ஆண்ட்வெர்ப் மிருகக்காட்சிசாலையில் பழியாகக் கிடந்து மிருகங்களைப் பார்த்துப் பார்த்துச் சிலை செய்தவர். போரில் அந்த மிருகங்களைச் சுட்டுக் கொன்றார்கள். அவரும் ராணுவ ஆஸ்பத்திரியில் தொண்டு செய்து மனம் உடைந்துபோயிருந்தார். 1916 ஜனவரியில் பாரிஸில் உயிரை மாய்த்துக்கொண்டார். வயசு 31. பின்னங்காலில் எழுந்து நிற்கும் யானை ஒன்றை அவர் வடித்திருந்தார். அண்ணன் அதை மறக்கவில்லை. பிற்பாடு ராயல் காரின் ரேடியேட்டர் மூடிமேல் நின்றது அந்த யானைதான்.

இப்போது மோல்ஸைம் தொழிற்சாலைக்கு வருவோம். இங்கேதான் நான் அதிக நேரம் செலவழித்தேன்.

நம்ம ஃபிட்டிங் செக்‌ஷனில் பெஞ்ச் வைஸ் எந்த லட்சணத்தில் இருக்கும் என்று உங்களுக்குத் தெரியும். புகாட்டி ஃபேக்டரியில் பெஞ்ச் வைஸையும் அவர்களே டிசைன் பண்ணி, அவர்களே செய்துகொண்டார்கள். கடையில் கிடைக்கும் வைஸ் அவர் கண்ணுக்குப் பிடிக்கவில்லை! இன்றைக்கு அந்த வைஸ்களைத் தேடி வாங்குகிறவர்கள் இருக்கிறார்கள். ஷாப் தரை சுத்தமாக இருக்க வேண்டும், கதவின் பித்தளை பளபளக்க வேண்டும். எஞ்சின் பாகங்கள் சேரும் இடங்களில் கேஸ்கெட் இல்லாமலே ஆயில் கசியாதபடி இரண்டு முகங்களையும் கையால் ஸ்கிரேப் பண்ணிச் சேர்த்தார்கள். முதல் வருஷத்தில் பிரஷ்யன் புளூ தடவி, சர்ஃபேஸ் பிளேட்டில் தேய்த்து, ஸ்கிரேப்பரைப் பிடித்துக்கொண்டு அரை நாள் நின்றவர்களுக்கு அது எப்பேர்ப்பட்ட வேலை என்று புரியும்.

அந்த வேலையெல்லாம் சேர்ந்து உச்சத்துக்கு வந்தது 1924-ல் லியோன் ரேஸில் இறங்கிய டைப் 35. 2 லிட்டர், 8 சிலிண்டர், ஒரு சிலிண்டருக்கு 3 வால்வு. முன் ஆக்ஸில் உள்ளே குடைந்த குழாய். ஸ்பிரிங் பட்டை அந்த ஆக்ஸிலில் விட்ட சதுரத் துவாரத்துக்குள் நுழைந்து போகும். சக்கரம் அலுமினிய வார்ப்பு, பிரேக் டிரம் அதோடு சேர்ந்தே வார்க்கப்பட்டது. சக்கரத்தைக் கழற்றினால் பிரேக் ஷூ கண்ணெதிரே வந்துவிடும். ரேஸ் நடுவில் எவ்வளவு நேரம் மிச்சம் பாருங்கள்! முதல் ரேஸில் டயர்கள் பிய்ந்து மானம் போனது வாஸ்தவம். ஆனால் 1925 முதல் 1929 வரை சிசிலித் தீவின் டார்கா ஃப்ளோரியோ மலை ரேஸில் ஐந்து வருஷமும் புகாட்டிதான். 1929-ல் நடந்த முதல் மொனாக்கோ கிராண்ட் பிரியும் புகாட்டிக்கே. மற்ற வெற்றிகளை எழுதினால் இந்த மலர் போதாது.

பிரேக் சரியில்லை என்று வந்த வாடிக்கையாளரை அவர் எப்படி மட்டம் தட்டினார் என்று ஒரு கதை எல்லாப் புத்தகத்திலும் வருகிறது. நான் அதை எழுதப்போவதில்லை. பிரேக் விஷயத்தில் அவர் செய்தது தப்பு. மற்றவர்கள் ஹைட்ராலிக் பிரேக்குக்குப் போய் வருஷக்கணக்காகியும் கேபிள் பிரேக்கையே பிடித்துக்கொண்டிருந்தார். 1938-ல்தான் இறங்கிவந்தார். தப்பை சாமர்த்தியமான பேச்சால் மூடுவதை ரசிக்க எனக்கு மனசு வரவில்லை.

1926-ல் அவருக்கு அந்தப் பெரிய ஆசை வந்தது. ராஜாக்களுக்கு ஒரு கார். டைப் 41, அதாவது ராயல். சிலிண்டர் விட்டம் 125 மில்லிமீட்டர், ஸ்ட்ரோக் 130 மில்லிமீட்டர், சிலிண்டர் 8. கால்குலேட்டரை எடுத்துப் போட்டுப் பாருங்கள், ஏறக்குறைய 12,763 சிசி வரும். ஒரு காலத்தில் நம்ம தெருவெல்லாம் ஓடிய மாருதி 800-ன் எஞ்சின் 796 சிசி. பதினாறு மாருதி எஞ்சின்களைச் சேர்த்தால் ஒரு ராயல்! மொத்த நீளம் சுமார் 6.4 மீட்டர், எடை மூன்று டன்னுக்கு மேல். 25 கார் செய்வதாகத் திட்டம். 1929 அக்டோபரில் நியூயார்க் பங்குச்சந்தை சரிந்து உலகமே கடனில் மூழ்கியபோதும் அவர் திட்டத்தை விடவில்லை. கடைசியில் செய்தது ஆறு. வெளியாளுக்கு விற்றது மூன்று. ஒரு ராஜாகூட வாங்கவில்லை. வாங்கியவர்கள் நம்ம விளக்கு வேண்டாத துணி வியாபாரி, ஒரு ஜெர்மன் டாக்டர், ஒரு இங்கிலீஷ் கனவான்.

எஞ்சின்கள் செய்தாகிவிட்டது, வாங்க ஆள் இல்லை. இத்தனை தொழிலாளருக்கு என்ன வேலை கொடுப்பது? இந்த இடத்தில் அவர் செய்ததைத்தான் அவருடைய மிகப் பெரிய எஞ்சினியரிங் வேலை என்று நான் சொல்வேன். அந்த எஞ்சினைத் தூக்கி ரயிலில் வைத்தார். 1933-ல் பிரெஞ்சு ரயில்வேக்காக ஒரு ரயில்கார் வந்தது. உள்ளே நான்கு ராயல் எஞ்சின். நீண்ட நாள் உழைக்க வேண்டும் என்பதற்காக ஒவ்வொன்றின் சக்தியும் 200 குதிரைத்திறனாகக் குறைக்கப்பட்டது. முன்னும் பின்னும் காற்றைக் கிழிக்கிற சரிவு. டிரைவர் நடுவில், கூரைக்கு மேலே தலை நீட்டும் கூண்டில் உட்கார்ந்து ஓட்டுவார். ஜனாதிபதி அல்பேர் லெப்ரன் அதில் ஷெர்பூர் நகருக்குப் பயணம் போனார். மணிக்கு 190 கிலோமீட்டருக்கு மேல் போய் ரெக்கார்டு செய்தது. இரண்டு எஞ்சின், நான்கு எஞ்சின் என்று எண்பதுக்கு மேற்பட்ட ரயில்கார்கள் மோல்ஸைமில் தயாராயின. கடைசி வண்டி ஓய்வுபெற்றது 1958-ல். ராஜாவுக்காகச் செய்த எஞ்சின், டிக்கெட் வாங்கின சாதாரண ஜனங்களை இருபத்தைந்து வருஷம் இழுத்தது!

நாம் டிப்ளமா முடித்துப் போனால் பெரும்பாலும் சூப்பர்வைசர் வேலைதான். மேலே மேனேஜ்மென்ட், கீழே தொழிலாளர், நடுவே நாம். அதனால் 1936-ல் நடந்ததை நான் இரண்டு மூன்று தடவை படித்தேன். அந்த வருஷம் பிரான்சில் மக்கள் முன்னணி ஆட்சி வந்தது. நாடு முழுக்க வேலைநிறுத்தம். வாரத்துக்கு 40 மணி நேர வேலை, சம்பளத்தோடு வருஷத்துக்கு இரண்டு வார லீவு, இவையெல்லாம் அப்போது கிடைத்ததுதான். மோல்ஸைமிலும் தொழிலாளர்கள் ஃபேக்டரியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்கள்.

எட்டோரேயால் இதைத் தாங்க முடியவில்லை. தொழிலாளர்களுக்குத் தான் தகப்பன் மாதிரி என்று நினைத்துக்கொண்டிருந்தவர் அவர். ஷாப்புக்கு ஷாப் சைக்கிளில் வருவார். நல்ல ஃபிட்டரை அவருக்குப் பெயர் சொல்லித் தெரியும். அப்படிப்பட்டவர்களே கதவைச் சாத்திவிட்டார்களே என்று மனம் உடைந்து பாரிஸுக்குப் போய்விட்டார். பிறகு அவர் பழையபடி மோல்ஸைமில் தங்கி வேலை பார்க்கவே இல்லை. பொறுப்பு மூத்த மகன் ழான் தலையில் விழுந்தது.

புத்தகம் எழுதியவர்கள் பலரும் இங்கே முதலாளி பக்கம் நின்று கண்ணீர் விடுகிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. இரண்டு இரும்பு முகங்களுக்கு நடுவே காகிதம் நுழையாதபடி சேர்த்துக் கொடுத்த அந்தக் கைகளுக்கு இரண்டு வாரம் லீவு கேட்க உரிமை கிடையாதா? பெஞ்ச் வைஸ் வரைக்கும் கண் வைத்துப் பார்த்தவருக்கு, வைஸுக்கு முன்னால் நின்ற ஆளின் வீடு கண்ணில் படவில்லையே. ஆனாலும் மனுஷன் பாவம்தான். துரோகம் என்று அவர் நினைத்தது நிஜமான வலி. அதையும் நான் இல்லையென்று சொல்ல மாட்டேன்.

ழான் கெட்டிக்காரன். அந்த விளக்கில்லாத காரின் பாடியை வரைந்ததே அவர்தான், 23 வயசில். டைப் 57 அவர் பொறுப்பில் வந்தது. அந்த வகைக் கார்கள் 1937-லும் 1939-லும் லெ மான் 24 மணி நேர ரேஸை ஜெயித்தன. தொழிலாளரோடும் அவருக்கு நல்ல பழக்கம். எல்லாம் சரியாகிவிடும் போலிருந்தது. 1939 ஆகஸ்ட் 11-ம் தேதி இரவு, அந்த லெ மான் காரையே மோல்ஸைம் பக்கத்து ரோட்டில் ஓட்டிச் சோதித்துக்கொண்டிருந்தார். சைக்கிளில் ஒருவர் ரோட்டுக்குள் வந்துவிட, அவரைக் காப்பாற்ற வண்டியை ஒடித்தார். மரத்தில் மோதி அங்கேயே போய்விட்டார். 30 வயசு.

மூன்றே வாரத்தில் இரண்டாம் உலகப் போர். அல்சாஸை மறுபடி ஜெர்மனி பிடித்தது. எட்டோரே ஃபேக்டரியை விற்க வேண்டிய கட்டாயம். வாங்கிய ஹான்ஸ் ட்ரிப்பெல் என்பவர் அங்கே தண்ணீரிலும் தரையிலும் ஓடும் ராணுவ வண்டிகளைச் செய்தார். குடும்பத்திடம் மிஞ்சியிருந்த ராயல் கார்களைச் சுவருக்குப் பின்னால் வைத்துக் கட்டி மறைத்தார்கள். புகாட்டி ஓட்டி மொனாக்கோவில் ஜெயித்த வில்லியம் க்ரோவர்-வில்லியம்ஸும், லெ மானில் ஜெயித்த ரொபேர் பெனுவாவும் ரகசியப் படையில் சேர்ந்து பிடிபட்டு ஜெர்மன் முகாம்களில் கொல்லப்பட்டார்கள்.

1945-ல் போர் முடிந்தது, பிரெஞ்சு அரசு ஃபேக்டரியைத் திருப்பித் தரவில்லை. எதிரிக்கு விற்றவர், அதிலும் இத்தாலியக் குடிமகன் என்று பறிமுதல். முப்பது வருஷத்துக்கு மேல் பிரான்சுக்காக உழைத்தவர் கோர்ட்டு ஏறினார். 1947-ல் மேல்கோர்ட்டில் தீர்ப்பு அவருக்குச் சாதகமாக வந்தது. ஆனால் அதைச் சொன்னால் புரிந்துகொள்ளும் நிலையில் அவர் இல்லை. படுத்த படுக்கை. அந்த வருஷம் ஆகஸ்ட் 21-ம் தேதி பாரிஸில் இறந்தார். மோல்ஸைமை ஒட்டிய டார்லிஸைம் ஊரில், மகன் பக்கத்தில் அடக்கம் செய்தார்கள்.

கம்பெனி தடுமாறித் தடுமாறி 1963-ல் வேறு கைக்குப் போனது. 1998-ல் அந்தப் பெயரை ஜெர்மனியின் ஃபோக்ஸ்வாகன் வாங்கியது, பிறகு வேகமான கார்கள் வந்தன. அவற்றைப் பற்றி நம்ம பசங்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும்.

ராயல்களுக்கு என்ன ஆச்சு? டாக்டருடைய கார் அவரோடு ஜெர்மனியை விட்டுக் கிளம்பி, ஷாங்காய் வழியாக நியூயார்க் போனது. அங்கே ஒரு குளிர்காலத்தில் ரேடியேட்டர் தண்ணீரை வடிக்காமல் விட்டார்கள். தண்ணீர் உறைந்து விரிந்து எஞ்சின் பிளாக் விரிசல் விட்டது. பழைய இரும்புக் கடைக்குப் போய்விட்டது! ஜெனரல் மோட்டார்ஸின் எஞ்சினியர் சார்ல்ஸ் செய்ன் அதை அங்கிருந்து மீட்டுச் சரிசெய்து, பின்னாளில் ஹென்றி ஃபோர்டு மியூசியத்துக்குக் கொடுத்தார். இன்றும் அங்கேதான் நிற்கிறது.

எட்டோரே தனக்கென்று வைத்திருந்த ராயல், கூப்பே நெப்போலியன். 1963-ல் அதை ஷ்லும்ப் சகோதரர்கள் வாங்கினார்கள். அல்சாஸில், மோல்ஸைமிலிருந்து சுமார் நூறு கிலோமீட்டர் தள்ளி முல்ஹவுஸ் நகரத்தில் கம்பளி நூற்பாலை வைத்திருந்தவர்கள். நூற்றுக்கும் மேற்பட்ட புகாட்டிகளை வாங்கி, ஆலைக்குள் வெளியார் யாருக்கும் காட்டாமல் பூட்டி வைத்திருந்தார்கள். 1976-ல் ஆலை நொடித்து வேலைநிறுத்தம் வர, சகோதரர்கள் எல்லை தாண்டி ஸ்விட்சர்லாந்துக்குப் போய்விட்டார்கள். 1977 மார்ச்சில் வேலையிழந்த தொழிலாளர்கள் அந்தக் கதவைத் திறந்துகொண்டு உள்ளே போனார்கள். தங்கள் கூலி எங்கே போயிருக்கிறது என்று அப்போதுதான் கண்ணால் பார்த்தார்கள். வரிசை வரிசையாக விளக்குக் கம்பங்கள், அதன் கீழே நானூறுக்கு மேற்பட்ட கார்கள். இரண்டு வருஷம் அந்த இடத்தை அவர்களே நடத்தினார்கள். கூப்பே நெப்போலியனை ஊர் ஜனங்கள் வந்து பார்த்தது அந்தத் தொழிலாளர்கள் திறந்துவிட்ட கதவு வழியாகத்தான். 1982-ல் அது முறைப்படி மியூசியம் ஆனது.